இரண்டு கிலோமீட்டரில் என் மஞ்சள் சட்டை

என் கைப்பேசியில் எண்பத்து மூன்று செயலிகள் இருக்கின்றன. நடந்த அடிகளை எண்ண ஒன்று, மழை வருமா என்று சொல்ல ஒன்று, ரிங்கிட்டை ரூபாயாக்கிக் காட்ட ஒன்று, என் குறட்டையைப் பதிவு செய்ய ஒன்று. நான் குறட்டை விடுகிறேனா என்று சொல்ல வீட்டில் ஆள் இல்லை. கணவர் போய் ஆறு வருடமாகிறது. இத்தனையையும் கையில் வைத்துக்கொண்டு, திருப்பூரில் ஐந்து நாள் ஒன்றும் விளங்காமல் அலைந்தேன்.

கிள்ளானில் எனக்கு டி-சட்டை விற்கும் சின்னக் கடை. எங்கள் காலை நடைக்குழுப் பெண்கள் இந்த வருடம் பெரிய நடைவிழா வைக்கிறோம், அதற்கு இரண்டாயிரம் சட்டை வேண்டும். மாம்பழ மஞ்சள் துணியில், எங்கள் ஊர் முள்ளுப் பழமான டுரியான் ஒன்று காலணி மாட்டிக்கொண்டு நடக்கும் படம். போன வருடம் எங்கள் படத்தைப் பக்கத்துப் பேட்டைக் குழு எப்படியோ சுட்டு, எங்களுக்கு முன்பே மாட்டிக்கொண்டு எங்கள் தெரு வழியாகவே நடந்தது. அந்த வயிற்றெரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால்தான் இந்த முறை நானே நேரில் கிளம்பினேன்.

வழியனுப்ப வந்த தோழி லெட்சுமி, விமான நிலையத்தில் என் கைப்பேசியை வாங்கி ஏதோ நோண்டினாள். "எண்பத்து நாலாவது ஒண்ணு போட்டிருக்கேன். அங்க போய் தொறந்து பாரு. எவ்வளவு நாளைக்குக் குறட்டையையே கேட்டுக்கிட்டு இருப்ப?" என்றாள். நான் அதைச் சமையல் செயலி என்று நினைத்தேன்.

கோயம்புத்தூரிலிருந்து வண்டி நன்றாகத்தான் ஓடியது. திருப்பூருக்குள் நுழைந்ததும் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். "என் மேப் இடது பக்கம் போகச் சொல்லுது தம்பி," என்றேன். ஓட்டுநர் மரியாதைக்காகத் திருப்பினார். ராயபுரத்துச் சந்து ஒன்றில், துணி மூட்டைகள் பிதுங்கிய ஆட்டோ எதிரே வந்து நின்றது. அதன் பின்னால் இன்னொன்று. எங்களுக்குப் பின்னால் மூன்று. அரை மணி நேரம் அப்படியே நின்றோம். எங்கள் ஊராக இருந்தால் இந்நேரம் நாலு மொழியில் வசை கிளம்பியிருக்கும். இங்கே, "ஏனுங்க, சித்த பின்னால எடுத்தீங்கன்னா போயிருவோமுங்க," என்று கல்யாண வீட்டில் பந்திக்குக் கூப்பிடுவது போலக் கேட்கிறார்கள். ஓட்டுநர் கடைசியில் திரும்பி, "மேப்பப் பாக்காதீங்க்கா, ரோட்டப் பாருங்க," என்று மட்டும் சொன்னார்.

ராயபுரத்திலேயே தங்குமிடம். சாயங்காலம் தேநீர்க் கடை எங்கே என்று கேட்டால் எல்லோரும் பேக்கரிக்குக் கைகாட்டினார்கள். எனக்கு ரொட்டி வேண்டாம், தேநீர்தான் வேண்டும் என்று மூன்று பேரிடம் விளக்கினேன். மூன்று பேரும் பொறுமையாகக் கேட்டுவிட்டு மறுபடியும் அதே பேக்கரியையே காட்டினார்கள். இந்த ஊரில் தேநீர் குடிக்கும் இடத்துக்குப் பெயரே பேக்கரியாம். தேங்காய் பன்னும் தேநீரும் அருமை. எங்கள் ஊரில் ஆற்றி ஆற்றிக் கொடுக்கும் தே தாரிக் அளவுக்கு நுரை இல்லை, ஆனால் இஞ்சி நெஞ்சுவரை இறங்கியது.

அங்கே உட்கார்ந்துதான் லெட்சுமியின் எண்பத்து நான்காவது செயலியைத் திறந்தேன். ஒரு மனிதர் கூலிங் கிளாஸோடு சிரித்தார், "3 கி.மீ. தொலைவில்". விரலால் தள்ளினேன். இன்னொருவர் புல்லட் மேல் சாய்ந்திருந்தார், "5 கி.மீ." இது வாடகை வண்டிச் செயலி போலிருக்கிறது, யாரைக் கூப்பிட்டால் சீக்கிரம் வருவார் என்று காட்டுகிறது என்றே முதலில் நினைத்தேன். பிறகு ஒரு பெண் வந்தாள், அடுத்து ஒரு தாத்தா. ஆணா பெண்ணா என்று கேட்ட இடத்தில் லெட்சுமி "எல்லோரும்" என்று போட்டுவைத்திருக்கிறாள், புண்ணியவதி. ஆல்பம் புரட்டுவதாக நினைத்து நான் விரலைத் தள்ளிக்கொண்டே போக, ஒரு பக்கம் தள்ளினால் வேண்டாம், மறுபக்கம் தள்ளினால் பிடித்திருக்கிறது என்று அர்த்தமாம். நான் பதினாறு பேரைப் பிடித்திருக்கிறது என்று சொல்லிவிட்டேன். தாத்தாவும் அதில் சேர்த்தி. காது வரை சூடேறி, கைப்பேசியைப் பைக்குள் குப்புறப் போட்டேன்.

மறுநாள் வீரபாண்டியில் பனியன் கம்பெனி. வாசலிலேயே ஒரு தகர டப்பா. வேலைக்கு வருகிறவர்கள் போனை அதில் போட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். என்னிடம் மட்டும் கேட்கவில்லை. முதலாளி தங்கவேலு நெற்றி நிறைய விபூதியோடு வாசல்வரை வந்தார். "வாங்க்கா, நல்லாருக்கீங்ளா? மொதல்ல சாப்புடோணும், அப்பறந்தான் சட்டை," என்றார். அவர் வீட்டிலிருந்து வந்த தூக்கில் அரிசிம்பருப்பு சாதம், மேலே நெய், ஓரத்தில் கத்தரிக்காய். நான் இரண்டு தட்டு சாப்பிட்டேன். மூன்றாவதை அவர் வைக்கும்போது வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

தையல் பகுதியில் வடநாட்டுத் தம்பி ஒருவர் தைப்பதை நின்று பார்த்தேன். என் மொழிபெயர்ப்புச் செயலியைக் காட்ட இதுதான் சமயம் என்று, "ஒரு நாளைக்கு எத்தனை சட்டை தைப்பீர்கள்?" என்று அதில் பேசினேன். அது கணீரென்று இந்தியில் எதையோ சொன்னது. அவர் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "நீங்க சும்மாவே கேளுங்க்கா. எட்டு வருசமா இங்கதானுங்க இருக்கேன்." அந்த வரிசையே தலையைக் குனிந்துகொண்டு சிரித்தது.

என்னைச் சுற்றிக் காட்டியவள் சுகன்யா. சாம்பிள் ரூமில் வேலை செய்யும் நாலு பெண்களில் ஒருத்தி, இருபத்து மூன்று வயது, சின்ன முகம், கழுத்தில் எப்போதும் அளவு நாடா. அவளுக்கு என் செயலிகள் ரொம்பப் பிடித்துவிட்டன. குறட்டைச் செயலியைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "தனியா இருக்கறவங்களுக்கு என்னென்னவோ வெச்சிருக்காங்க்கா," என்றாள். நான் அதை வெறும் பேச்சு என்று விட்டுவிட்டேன்.

அன்றுதான் முதல் சாம்பிள் வந்தது. பார்த்ததும் எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. டுரியானைப் பார்த்து, "பலாப்பழம் சூப்பரா நடக்குதுங்க," என்றார் மேனேஜர் பாலு. முப்பத்தொன்பது வயது, வேலையில் கெட்டிக்காரர், போனின் முகப்பில் தன் இரண்டு பிள்ளைகளின் படம் வைத்திருப்பவர். டுரியான் வேறு பலா வேறு என்று விளக்கிக்கொண்டே, அத்தனை பேர் முன்னாலும் சட்டையைத் தலைவழியாகப் போட்டுப் பார்த்தேன். கழுத்துப் பட்டை என் நெற்றியில் வந்து நின்றுவிட்டது. மேலேயும் போகவில்லை, கீழேயும் வரவில்லை. மஞ்சள் இருட்டுக்குள் நான் நிற்க, வெளியே பாலு, "கழுத்து ரிப் இறுக்கமாயிருச்சுங்க, தலை போகாது. ரிஜெக்ட்," என்று சொன்னது கேட்டது. சுகன்யாதான் மெதுவாக உருவி எடுத்தாள்.

ரிஜெக்ட் ஆன சாம்பிளை இங்கே அப்படியே விடுவதில்லை. கழுத்திலிருந்து நெஞ்சுவரை கத்தரியால் ஒரே வெட்டு வெட்டிக் கூடையில் போட வேண்டும். இல்லையென்றால் எப்படியாவது வெளியே போய், ஆர்டர் கொடுத்தவருக்கு முன்பே அந்தப் படம் ஊர் சுற்றிவிடும். இதைக் கேட்டபோது என் வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது.

மூன்றாம் நாள் சரியான சாம்பிள் இரண்டு தயாரானது. ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கம்பெனியில் கொடுத்தேன், ஒன்றை எனக்கு வைத்துக்கொண்டேன். வேலை முடிந்தது என்று நிம்மதியாக பேக்கரியில் உட்கார்ந்து, லெட்சுமியைத் திட்டுவதற்காக அந்தச் செயலியை மறுபடியும் திறந்தேன்.

வந்த முதல் படத்தில் தலை இல்லை. கழுத்திலிருந்து கீழே ஒரு பெண், பின்னால் பச்சைக் கம்பிக் கதவு, ரோஸ் நிறத் தண்ணீர் டிரம். நெஞ்சில் என் டுரியான் நடந்துகொண்டிருந்தது. "2 கி.மீ. தொலைவில்".

எனக்கு வந்த கோபத்தில் கடித்த பன்னைத் தட்டில் எறிந்தேன். உலகத்திலேயே மூன்று சட்டைதான் தைத்திருக்கிறது: வெட்டிப் போட்டது ஒன்று, கம்பெனியில் ஒன்று, என்னிடம் ஒன்று. அதில் ஒன்று இங்கே எவளோ மாட்டிக்கொண்டு நிற்கிறாள். ஐந்து நிமிடம்கூட யோசிக்கவில்லை. திரையை அப்படியே படமெடுத்துத் தங்கவேலுவுக்கு அனுப்பினேன்: "என் டிசைன் வெளியே போய்விட்டது. என்ன இது?" அனுப்பிய பிறகுதான், எந்தச் செயலியில் பார்த்தேன் என்பதும் அந்தப் படத்தின் மேலேயே தெரிகிறது என்று உறைத்தது. ஐம்பத்திரண்டு வயதில் இந்த மானக்கேடு எனக்குத் தேவையா என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

நான்காம் நாள் காலை தங்கவேலு அந்தச் செயலியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தே பேசினார். அந்த மரியாதை எனக்குத் திட்டு வாங்கியதைவிட மோசமாக இருந்தது. பாலு படத்தை விரலால் பெரிதாக்கினார். "கழுத்தைப் பாருங்க. ஒட்டி நிக்குது. இது அந்த ரிஜெக்ட் பீஸுங்க. சாம்பிள் ரூம் பொண்ணுங்கள்ல ஒண்ணு வெட்டாம ஊட்டுக்குக் கொண்டுட்டுப் போயிருக்குது."

"கேட்டா யாரும் ஒத்துக்க மாட்டாங்க," என்றார் தங்கவேலு. "சாம்பிள் வெளிய போற கம்பெனின்னு பேரு வந்துச்சுன்னா அப்பறம் ஒருத்தரும் வர மாட்டாங்க்கா. நாலு பேர்த்தையும் நிறுத்திர வேண்டியதுதான்."

நாலு பேரா? ஒருத்தி செய்ததற்கு மூன்று பேர் வயிற்றில் ஏன் அடிக்க வேண்டும்? அந்த ஒருத்தியைக் கண்டுபிடித்துவிட்டால் போதும் என்று தோன்றியது. இங்கேதான் என் செயலிப் பைத்தியம் வேலையைக் காட்டியது. "தூரம் போட்டிருக்கே. அதை வெச்சே கண்டுபிடிக்கலாம்," என்றேன்.

கம்பெனி வண்டிகள் ஆள் ஏற்றும் இடங்களைக் குறித்த ஊர்ப் படம் ஒன்று சுவரில் தொங்கியது. அதைக் கழற்றி வெட்டும் மேசையில் விரித்தோம். ராயபுரத்து பேக்கரியிலிருந்து பார்த்தபோது இரண்டு கிலோமீட்டர். நூலை அந்த அளவுக்குப் பிடித்து, சாக்பீஸ் கட்டி ஒரு வட்டம் போட்டேன். கம்பெனியிலிருந்து இப்போது எட்டு என்று காட்டியது. "பகல்ல போனு கேட் டப்பாலதானுங்க கெடக்கும்," என்றார் பாலு. "அப்ப ஆப்பைக் கடைசியா ஊட்ல தொறந்திருக்குது. அந்த எடத்தத்தான் காட்டுது." இரண்டாவது வட்டம் முதல் வட்டத்தை இரண்டு இடத்தில் வெட்டியது. பாலு என்னை வண்டியில் ஏற்றிக்கொண்டு ஊத்துக்குளி ரோட்டுக்குப் போனார். அங்கே "1 கி.மீ." திரும்பி வந்து மூன்றாவது வட்டத்தையும் போட்டபோது, மூன்று கோடும் கூடிய இடத்தில் பாலு விரலை வைத்தார்.

"மண்ணரைங்க," என்றார்.

எனக்குப் புதையல் கிடைத்தது போல் இருந்தது. சத்தியமாகச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு வெட்கமோ பயமோ எதுவுமில்லை. என் வீட்டுக் கதவுக்கு இரண்டு பூட்டு, கம்பிக் கேட்டுக்கு ஒரு பூட்டு. அத்தனை பூட்டுப் போடும் நானே இன்னொருத்தியின் வாசலை நூலும் சாக்பீஸும் வைத்து ஒரு ஆணுக்குக் காட்டிக் கொடுத்தேன். அது என் மரமண்டையில் ஏறவில்லை.

மண்ணரையிலிருந்து அந்த நாலு பேரில் யார் வருகிறார்கள் என்று பாலுவுக்குத் தெரியவில்லை. பெண்கள் வீடு மாறிக்கொண்டே இருப்பார்களாம், வண்டி நிறுத்தத்தில் பதினைந்து பேர் ஏறுவார்களாம். சாயங்காலம் ஆறரைக்கு, வண்டி ஆட்களை இறக்கிவிட்ட பிறகு, நாங்கள் அங்கே போய் நின்றோம். வரிசையாக லைன் வீடுகள், வாசலுக்கு வாசல் தண்ணீர்க் குடம், ஒரு வீட்டுக்குள் ஓவர்லாக் தையல் மிஷின் சத்தம். அந்தத் தெருமுனையிலும் ஒரு பேக்கரி, அதன் முன்னால் பாலுவுக்குக் கம்பெனியிலிருந்து அழைப்பு வந்தது. லாரி ஏற்றுவதில் ஏதோ தகராறு, கத்திக் கத்திப் பேசினார். பேசி முடிக்கட்டும் என்று நான் மட்டும் இரண்டாவது சந்துக்குள் நடந்தேன். செயலி "1 கி.மீ.க்குள்" என்பதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் சந்தின் கடைசியில் பச்சைக் கம்பிக் கதவு இருந்தது. ரோஸ் டிரம்மும் இருந்தது.

டிரம்மில் செம்பை விட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். மஞ்சள் சட்டை.

"அக்கா?" சுகன்யாவின் முகமெல்லாம் சிரிப்பு. "எங்கூட்டுக்கா வந்தீங்க? வாங்க, உள்ள வாங்க. அண்ணி கோயிலுக்குப் போயிருக்காங்க, இப்ப வந்துருவாங்க. காப்பி வெக்கட்டுங்களா?"

நான் கைப்பேசியைத் திருப்பிக் காட்டினேன். அவள் படத்தைப் பார்த்தாள், குனிந்து தன் நெஞ்சைப் பார்த்தாள். செம்பு டிரம்முக்குள் விழுந்துவிட்டது.

"மூஞ்சி தெரியக்கூடாதுன்னுதானுங்க்கா தலைய வெட்டிப் போட்டேன்," என்றாள். "பேரு கூட வேறதானுங்க. சட்டையில என்னங்க இருக்குதுன்னு நெனச்சேன்." வேறு எந்த ஊராக இருந்தாலும் அது தப்பான கணக்கில்லை. சட்டையைப் பார்த்தே எந்தக் கம்பெனி, எந்தப் பீஸ் என்று சொல்லிவிடும் ஊரில், அந்தச் சட்டையோடு நின்றுவிட்டாள்.

ஏன் வெட்டவில்லை என்று கேட்டேன். "கத்தரிய எடுத்தேனுங்க. அந்தப் பலாப்பழம் அப்படிச் சிரிச்சுக்கிட்டு நடக்குதுங்க. மனசு வல்லை. எனக்குத் தலை சின்னதுங்க, போயிருச்சு."

அந்தச் செயலி ஏன் என்று நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். "நேர்ல யாரையும் பாத்ததில்லீங்க. பேசறதோட சரி. காலைல வண்டி, பொழுதுக்கும் பீஸு, ஊட்டுக்கு வந்தா அண்ணனும் பீஸப் பத்திதான் பேசுவாரு. இதுல ஒருத்தர் டெய்லி, சாப்டியான்னு கேக்கறாருங்க. அவ்வளவுதானுங்க." அவள் சந்தை எட்டிப் பார்த்துக்கொண்டாள். "அண்ணனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே ஊருக்குக் கூட்டிட்டுப் போயி எவனுக்காச்சும் கட்டி வெச்சிருவாங்க. வேலை போனாலும் அதேதானுங்க."

கிள்ளானிலிருந்து கிளம்பி வந்து, இந்த ஊர்ச் சாப்பாட்டையும் சாப்பிட்டுவிட்டு, ஒரு பெண்ணின் வாழ்க்கையில் மண்ணை அள்ளிப் போட்டிருக்கிறேன். "கழட்டிக் குடு," என்றேன். அவள் உள்ளே ஓடி மாற்றிக்கொண்டு வந்தாள். சட்டையைச் சுருட்டி என் பைக்குள் அடைத்தேன். "நாளைக்கு நான் என்ன சொன்னாலும் நீ வாயைத் திறக்காதே."

பேக்கரிக்குத் திரும்பியபோது பாலு பேசி முடித்திருந்தார். "ஒண்ணும் இல்லை. எல்லா வீடும் ஒரே மாதிரி இருக்கு," என்றேன்.

"போனைக் குடுங்க்கா, நான் ஒரு சுத்து பாத்துட்டு வர்றேன்."

"சார்ஜ் இல்லை."

"செரி உடுங்க. நீங்க நாளைக்கு ஊருக்குக் கெளம்பிருவீங்க. நான் டெய்லி சாயங்காலம் வந்து பாத்துப் புடிச்சர்றேன். தனியா இருக்கற பொண்ணாட்ட இருக்குது." சொல்லிவிட்டு அந்தச் சந்தையே பார்த்துக்கொண்டு நின்றார். அந்தப் பேச்சில் சட்டை எங்கேயும் இல்லை. நான் பையைக் கக்கத்தில் இறுக்கிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் காலை, அறைக் கண்ணாடி முன் நின்று அந்தச் சட்டையைத் தலையில் மாட்டினேன். வழக்கம்போல் நெற்றியில் நின்றது. கொண்டையை அவிழ்த்தேன், காதோலையைக் கழற்றினேன், முகத்தில் தேங்காய் எண்ணெய் தடவினேன். நான்காவது முயற்சியில், மூக்கை ஒரு பக்கமாகத் தள்ளிக்கொண்டு கழுத்து இறங்கியது. உடம்பும் எனக்குப் பத்தாது. டுரியான் அகலமாக இழுபட்டு, நிஜமாகவே பலாப்பழம் போல் ஆகிவிட்டது. மேலே துப்பட்டாவைப் போர்த்திக்கொண்டு ஆட்டோ ஏறினேன்.

அலுவலகத்தில் தங்கவேலு, பாலு, எதிரே வரிசையாக நாலு பெண்கள். சுகன்யா கடைசியில் நின்றாள். நான் துப்பட்டாவை எடுத்தேன்.

"அந்தப் போட்டோல இருந்தது நான்தான்," என்றேன்.

ரிஜெக்ட் ஆனதை வெட்டுவதற்கு முன்பே ஆசையில் நானே எடுத்துப் போனேன், போட்டுப் படமெடுத்தேன், செயலியில் எங்கேயோ தொட்டுவிட்டேன், அது என் படத்தை எனக்கே காட்டியது, தலை இல்லாததால் என்னை எனக்கே அடையாளம் தெரியவில்லை என்றேன். ஐந்து நாளாக என் கூத்தைப் பார்த்தவர்கள் அவர்கள். மேப்பை நம்பிச் சந்தில் சிக்கியவள், தமிழ் பேசுகிறவரிடம் இந்தி பேசவிட்டவள். இவள் செய்யக்கூடியவள்தான் என்று அவர்கள் முகம் சொன்னது. அந்த ஐந்து நாளில் எனக்குக் குழப்பமே இல்லாத நேரம் அது ஒன்றுதான்.

பாலு விடவில்லை. "போட்டோல இருக்கறவங்க ஒல்லியா இருக்காங்களேக்கா?"

"பில்டர் தம்பி. ஆப்ல எல்லாரும் ஒல்லிதான்."

"ரெண்டு கிலோமீட்டர்னு காட்டுச்சுங்களே? மண்ணரைன்னு வந்துச்சே?"

"அதுதான் எனக்கும் வெளங்கல."

"அந்தக் கழுத்து உங்க தலைக்கே போகாதுங்களே?"

"போயிருக்கே," என்றேன். பேசுவதற்கே மூச்சு முட்டியது.

தங்கவேலு முதல் முறையாக என்னை நேராகப் பார்த்தார். அப்புறம் அந்த நாலு பெண்களையும் பார்த்தார், கடைசிப் பெண்ணை ஒரு நொடி கூடுதலாக. "உடுங்க பாலு. அக்கா சொல்றாங்கல்ல," என்றார். "பாப்பா சுகன்யா, அக்காவ அந்தப் பக்கம் கூட்டிட்டுப் போயி அதக் கழட்டி வாங்கிக்க. இந்தத் தடவை வெட்டிப் போட்டுரோணும்." எனக்கென்று அவர் வீட்டிலிருந்து வரும் தூக்கு அன்றைக்கு மதியம் வரவில்லை. இந்த மாதிரிப் பொம்பளைக்குச் சாப்பாடு ஒரு கேடா என்று அங்கே சொல்லியிருப்பார்கள். வலிக்கத்தான் செய்தது.

பெண்கள் கழிப்பறையில் நானும் அவளும் மட்டும். சட்டை கழுத்தைவிட்டு வெளியே வர மாட்டேன் என்றது. மாட்டும்போது வழுக்கிய எண்ணெய் வியர்வையில் போயிருந்தது. இழுத்தாள், நானும் இழுத்தேன், என் காது கிழிந்துவிடும் போலிருந்தது. அவள் இடுப்பிலிருந்து கத்தரியை எடுத்தாள்.

"போடட்டுங்களாக்கா?"

"போடு."

தாடைக்குக் கீழே இரும்பு சில்லென்று பட்டது. கழுத்துப் பட்டை நறுக்கென்று விட்டது, எனக்கு மூச்சு வந்தது. அவள் நிறுத்தாமல் நெஞ்சுவரை வெட்டிக்கொண்டே வந்தாள், டுரியானின் நடுவில். வெட்டி முடித்துவிட்டு என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். நானும் அழுதேன்.

நான் வேறு சட்டை மாற்றிக்கொண்டிருந்தபோது அவள் வாசல் டப்பாவிலிருந்து தன் போனை வாங்கி வந்தாள். அந்தச் செயலியை என் முன்னாலேயே எடுத்துவிட வேண்டும் என்றாள். திறந்ததும் அப்படியே நின்றுவிட்டாள். "அக்கா, இதப் பாருங்க."

திரையில் கூலிங் கிளாஸோடு பாலு. வயது எட்டு குறைந்து முப்பத்தொன்று, இரண்டு பிள்ளைகளும் மறைந்து தனியாள், "1 கி.மீ.க்குள்". நான் போனைக் கொடுக்காததால், அவளைத் தேட நேற்று சாயங்காலமே அவரும் இதில் சேர்ந்திருக்கிறார். பெயர், ஊர், கம்பெனியின் சின்னம் போட்ட சட்டை, எல்லாம் அப்படியே. அவர் படத்தில் தலையும் இருந்தது.

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இரண்டு விரலால் ஒரு அழுத்து அழுத்தி அந்தத் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டாள். "மண்ணரைப் பக்கம் வந்தாருன்னா ஆகுமுங்க," என்றாள். பிறகு செயலியைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். என் கைப்பேசியையும் வாங்கி, என்னைக் கேட்காமலே எண்பத்து மூன்றாக்கிக் கொடுத்தாள்.